டிரெசர் சவரிமுத்து கொடுத்த தவிடு

டிரெசர் சவரிமுத்து அவர்கள் காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் காஜா பெராங் தபால்காரர். அன்று எனக்குக் கடிதம் எதுவும் இல்லை. வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டவர்போல சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

“ஐயா, புக்கிட் பாரு டிரெசர் தவறிட்டாரு. இன்னைக்கு விடியக்காலையிலயாம்.”

“நீங்க பார்த்தீங்களா, கேட்டீங்களா?” என்றேன்.

தபால்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இறப்புச் செய்திக்கு அது பதில் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையதல்ல, இறந்தவருடையது. யார் எதைச் சொன்னாலும் அவர் முதலில் அதைத்தான் கேட்பார். மழை வரப்போகிறது என்றாலும் கேட்பார். வரப்போகும் மருமகள் குணமானவள் என்றாலும் கேட்பார். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு. நான் ஒருவன் மிஞ்சியதற்குக் காரணம், ஜப்பான்காரர் ஆட்சியில் மூன்று மாதங்கள் நாங்கள் இருவரும் ஒரே பயத்தைப் பங்கிட்டுக்கொண்டதுதான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது காஜா பெராங்கில், யாரோ செல்வந்தர் விட்டுவிட்டு ஓடிய பங்களா ஒன்றில் சுகாதார அலுவலகம் நடந்தது. சவரிமுத்து அவர்கள் அங்கே டிரெசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, எடை பார்ப்பது எல்லாம் அவர் வேலை. நான் அங்கே தட்டச்சு செய்த கிராணி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தக் காலத்தில் கடிகாரங்கள் எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. சூரியனுக்கு மட்டும் உத்தரவு போய்ச் சேரவில்லை. காலை ஏழரை மணிக்கு இருட்டில் வேலைக்குப் போவோம். வாசலில் நின்ற சிப்பாய்க்கு முதுகு போதுமான அளவு வளைந்ததா என்று யோசித்துக்கொண்டே உள்ளே நுழைவோம்.

தலைமை டாக்டர் ஜப்பானியர். மெலிந்த மனிதர். மேசையில் மகளின் படத்தை வைத்திருந்தார். அவரைக் கொடியவர் என்று எழுதினால் வாசிக்க வசதியாக இருக்கும். ஆனால் அவரும் பயந்தவர்தான். எங்களுக்கு அவரிடம் பயம், அவருக்கு மேலிடத்திடம் பயம். அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கே போதும் என்று அறிவியல் சொல்ல வேண்டும் என மேலிடம் விரும்பியது. சரியாகச் சொல்லிவிட்டால் ஊருக்கு மாற்றல் கிடைக்கும் என்று டாக்டர் விரும்பினார்.

ஒருநாள் அவர் ஓர் அறிக்கையின் முடிவுரையைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுத்தார். ‘மரவள்ளிக்கிழங்கு தொழிலாளருக்கு அரிசிக்கு ஈடான உணவு என்பது இந்த ஆய்வினால் தெளிவாகிறது.’ ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. சவரிமுத்து அவர்கள் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

“பிள்ளைக்குப் பேர் வெச்சாச்சு போல, கிராணி. இனிமேதான் பொண்ணு பார்க்கணும்.”

நான் சிரிக்கவில்லை. கதவு திறந்திருந்தது.

பங்களாவின் பின்புறம் இரண்டு கொட்டகைகள் போட்டார்கள். ஒன்றில் கிழங்கு மட்டும். மற்றொன்றில் தீட்டிய வெள்ளை அரிசி, அதுவும் அரை வயிற்றுக்கு. தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினார்கள். சீட்டுப் போட்டுப் பிரிக்கலாம் என்று சவரிமுத்து அவர்கள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். டாக்டர் வரிசையோடு நடந்து, கட்டுமஸ்தான இளைஞர்களைக் கிழங்குக் கொட்டகைக்கும், இருமிக்கொண்டிருந்தவர்களை அரிசிக் கொட்டகைக்கும் அனுப்பினார். அதற்கு அவர் சொன்ன காரணம், கட்டில்களின் நீளம்.

கிழங்குக் கொட்டகைக்குச் சமைக்க அங்கம்மாள் என்ற பெண்மணி வந்தார். அவரும் கிழங்கையே தின்றதால் அவரையும் பத்தாவது ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆறாம் வாரம் ஆச்சரியம் நடந்தது. கிழங்கு தின்றவர்களுக்கு எடை கூடியது. டாக்டர் தராசைத் தட்டிக்கொடுத்து, “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் பாராட்டினார். சவரிமுத்து அவர்கள் மண்டியிட்டு, அங்கம்மாளின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

“இது சதை இல்ல. தண்ணி,” என்றார்.

“அட போங்க டிரெசரையா,” என்றார் அங்கம்மாள். “கழுத்துல போட ஒரு குந்துமணி இல்ல. காலாவது பெருத்துச்சேன்னு நான் சந்தோசமா இருந்தேன். அதையும் தண்ணின்னுட்டீங்களே!”

சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயின் வீக்கம் அது. சவரிமுத்து அவர்கள் டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் படிவத்தைக் காட்டினார். அதில் எடைக்கு இடம் இருந்தது. கட்டைவிரலுக்கு இடம் இல்லை.

அடுத்த வாரம் முதல் கிழங்குக் கொட்டகையில் தினமும் காலையில் ‘பூச்சி மருந்து’ கொடுக்கப்பட்டது. உருண்டையாக, பழுப்பு நிறத்தில் இருந்தது. நான் மோந்து பார்த்தேன். அரிசித் தவிடும் பனைவெல்லமும். மில்லில் கோழிக்காரர்களுக்கு ஒதுக்கும் தவிட்டை, பையில் போட்டு, மேலே கட்டுத்துணிகளை மூடி சவரிமுத்து அவர்கள் கொண்டுவந்திருந்தார். உமியோடு ஒட்டிய அந்தத் தோலில் வீக்கத்தை வடிக்கும் சத்து இருப்பதைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் முன்பே கண்டவர்.

“மாட்டிக்கிட்டா?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாது. நீங்க டைப் அடிங்க.”

அதன்பின் நான் அடித்த ஒவ்வொரு பக்கத்திலும் பிழைகள். பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் விரல்கள் வேறு எழுத்துக்குப் போயின. எங்கள் தெருவிலிருந்து ஒருவரை விசாரணைக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் வீட்டில் அவருக்கு இன்னும் இலை போட்டுக் காத்திருந்தார்கள்.

ஒன்பதாம் வாரம் டாக்டர் பார்வையிட வந்தபோது, கிழங்குக் கொட்டகைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வீக்கம் வற்றியிருந்தது. இரண்டு பேர் மூட்டை தூக்கிக் காட்டினார்கள். ஓர் இளைஞனின் தாடையில் தவிடு ஒட்டியிருந்தது. டாக்டர் அதைக் கூர்ந்து பார்த்தார்.

“மூஞ்சியக் கழுவுடா, மரத்தூளு!” என்று அங்கம்மாள் சத்தம் போட்டார். “விறகு பொளந்தா வாயத் தொறந்துகிட்டா பொளப்பே?”

வார்த்தை புரியாவிட்டாலும் அதட்டல் டாக்டருக்குப் பிடித்திருந்தது. தலையசைத்துவிட்டுப் போனார். போகிற வழியில் அரிசிக் கொட்டகையை எட்டிப் பார்த்தார். அங்கே எட்டாம் வாரத்தில் மாரியப்பன் என்ற கிழவர் கால் வீங்கி, மூச்சு முட்டி இறந்திருந்தார். அரிசி தின்றவர் இறந்தார், கிழங்கு தின்றவர்கள் மூட்டை தூக்கினார்கள். அறிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அறிக்கை என் மேசைக்கு வந்தது. எடை ஆறாம் வாரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. நடை ஒன்பதாம் வாரத்திலிருந்து. எடை கூடியபோது நடக்க முடியவில்லை என்பதும், நடந்தபோது எடை இறங்கிவிட்டது என்பதும் இடமில்லாததால் விடப்பட்டிருந்தன. கூடவே ஓர் உத்தரவின் வரைவும் இருந்தது. அடுத்த மாதம் முதல் எல்லா லயங்களுக்கும் அரிசி நிறுத்தம். கிழங்கு மட்டும்.

சவரிமுத்து அவர்கள் அதை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

“பத்துப் பேரைக் காப்பாத்தப் போய், அந்தாளுக்கு நான் சாட்சி தயார் பண்ணிக் குடுத்திருக்கேன், கிராணி.”

“சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?”

“சொல்லாட்டி லயமெல்லாம் வீங்கும்.”

நான் அவருக்குப் பல நியாயங்கள் சொன்னேன். ஒரு கொட்டகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றேன். உத்தரவு எப்படியும் வந்தே தீரும் என்றேன். எல்லாம் படித்தவன் பேச்சாகத்தான் இருந்தது. உண்மையில், அவரைப் பிடித்தால் அடுத்த மேசையையும் பிடிப்பார்கள் என்பதே என் ஒரே நியாயம்.

தண்ணீர் கொண்டுவந்த அங்கம்மாள் காதில் அது விழுந்தது. “டிரெசரையா, சொன்னா உங்க தலை போகும். சொல்லாட்டி எங்க சனத்துக்குக் கால் போகும். நான் என்னத்தச் சொல்ல? என் தங்கச்சி லயத்துலதான் இருக்கா,” என்றார்.

மறுநாள் காலை சவரிமுத்து அவர்கள் ஒரு தட்டில் தவிட்டு உருண்டையை வைத்து எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார். கதவு சாத்தப்பட்டது. நான் தட்டச்சுப் பொறியின்மேல் கைகளை வைத்தபடி இருந்தேன். கன்னத்தில் அறையும் சத்தம் ஒன்று கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதன்பின் எதுவும் கேட்கவில்லை. அடியைவிட அது மோசமாக இருந்தது. சிப்பாயைக் கூப்பிடும் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தேன்.

மணி அடிக்கவில்லை. உள்ளே நடந்ததை அவர் பிறகு சொன்னார். வேறு யாருக்குத் தெரியும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எனக்கு மட்டும்தான் என்றிருக்கிறார் இவர். பிறகு இவர் அரைகுறை மலாயில் சொன்னது இது:

“உங்க முடிவுரையில ஒரு எழுத்தும் மாற வேணாம், துவான். சாப்பாட்டுப் பட்டியல்ல ஒரு வரி மட்டும் சேருங்க. கிழங்கு, தினம் ஒரு தவிட்டு உருண்டை. இல்லாட்டி ரெண்டு மாசத்துல ஆளுங்க வேலைக்கு எழுந்திரிக்க மாட்டாங்க. அப்போ மேலிடத்துல அறிக்கையை எடுத்து, யார் கையெழுத்துன்னு பார்ப்பாங்க.”

அறிவியல் சாதிக்காததைப் பயம் சாதித்தது. டாக்டர் அந்த வரியைச் சேர்த்தார். மதியம் நான் அதைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன். உருண்டைகளை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தண்டனையாகச் சவரிமுத்து அவர்களுக்கே கிடைத்தது. இடதுகாது மந்தமானது அதற்கு முந்தைய தண்டனை. ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்கள்வரை சைக்கிளில் போனார். எத்தனை பேர் அதனால் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் எண்ணவில்லை. அங்கம்மாளின் தங்கை பிழைத்தார்.

வெகுகாலம் கழித்து அவருடைய ஓய்வு விழாவில் நான் பேசினேன். பத்து உயிர்களைக் காத்தவர் என்றேன். கைதட்டினார்கள். தேநீர் மேசையருகே அவர் என் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அரிசிக் கொட்டகைக்கு நான் ஏன் தவிடு குடுக்கலன்னு என்னைக்காவது கேட்டீங்களா?”

“தவிடு பத்தல. அன்னைக்கே சொன்னீங்களே.”

“பத்தாம இல்ல. பை நிறைய இருந்துச்சு.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. காது மந்தமானவர்களுக்கு அது வராது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஒரு கொட்டகைக்குக் குடுத்து, ஒண்ணுக்குக் குடுக்காம இருந்தாத்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? தவிடுதான் மருந்துன்னு அந்தாளு மூஞ்சிக்கு நேரா நிரூபிக்கணும்னு எனக்கு ஒரு வெறி. அவனுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்துச்சு. எனக்கு ஒண்ணு வேண்டியிருந்துச்சு. நடுவுல மாரியப்பன் செத்தாரு.”

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“நான் செத்தா நீங்கதான் எழுதுவீங்க. எழுதுங்க. ஆனா அவரையும் எழுதுங்க.”

நேற்று புக்கிட் பாருவில் அவரை அடக்கம் செய்தோம். குழியருகே பேசியவர்கள் எல்லோரும் நல்லதையே பேசினார்கள். இரங்கல் உரையின் முடிவும் முன்கூட்டியே தட்டச்சு செய்யப்படுவதுதான். அதற்கு ஒவ்வாதவற்றை விட்டுவிடுவது ஊர் வழக்கம். பத்து உயிர் என்ற என் பழைய வாக்கியத்தை யாரோ ஒருவர் எடுத்துச் சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மழை ஈரத்தில் மண் கட்டி கட்டியாக விழுந்தது. நானும் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன். பெயர் மாரியப்பன். அரிசிக் கொட்டகை, ஜன்னலோரக் கட்டில். உறவினர் யாரும் வரவில்லை. எந்தத் தோட்டம் என்று நான் குறித்துவைக்கவில்லை, அது என் தவறு. அடுத்த கொட்டகையில் பிழைத்தவர்கள் பத்துப் பேர். லயங்களில் பிழைத்தவர்கள் எத்தனை பேரோ தெரியாது.

சவரிமுத்து அவர்களே, இரண்டையும் எழுதிவிட்டேன். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவில்லை. போய் வாருங்கள்.