நாலாம் நம்பர் வீட்டுக்குள் வராத சரோஜா

சரோஜா போய்விட்டாள் என்ற செய்தி என் வீட்டுப் பின்பக்கமாகத்தான் வந்தது. காலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். சரோஜா கடைசிக் காலத்தில் மகளோடு இருந்த ஊரப்பாக்கத்திலிருந்து முதல் வண்டியைப் பிடித்து வந்த அவள் மருமகன் பாஸ்கர், வாசற்கதவைத் தட்டாமல் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நின்றான்.

"பெரியம்மா, அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றான்.

பாதி ஏறிய வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். அவன்தான் வாங்கி இழுத்து வைத்தான். "உள்ளே வாப்பா" என்றேன். "பரவாயில்லை பெரியம்மா" என்று சமையலறைப் படியில் உட்கார்ந்துகொண்டான். அந்த வீட்டு மனிதர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து பழகியதில்லை. ஏன் என்று நம் தெருவில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தப்பாக நினைத்ததும் உண்டு. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

அவளை நான் முதலில் பார்த்தது, நம் தெரு வெறும் வயலாக இருந்த காலத்தில். மாடம்பாக்கம் சாலையை ஒட்டிய தன் நிலத்தை முனுசாமி மனைகளாகப் பிரித்து விற்றார். யாருக்கு எந்த மனை என்று சண்டை வரக்கூடாதென்று கோயில் வாசலில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். என் கணவர் எடுத்த சீட்டில் எட்டு இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அப்புறம் படித்ததெல்லாம் மளிகை சுற்றி வந்த காகிதங்களிலும், தாம்பரம் ஸ்டேஷன் கடையில் வாங்கிய எண் சோதிடப் புத்தகங்களிலும்தான். இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பெயரையும் பிறந்த தேதியையும் கூட்டிப் பலன் பார்க்கிற அந்த வித்தை வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது. நம் ஊர் ஆட்கள் அதில் ஒன்பது கிரகங்களையும் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். அதில் எட்டு, சனி. உழைப்பு உண்டு, பலன் தாமதம், தடைமேல் தடை. என் வரவு செலவு நோட்டில் ஏழாம் பக்கத்துக்குப் பிறகு ஒன்பதாம் பக்கம்தான் வரும். அப்படிப்பட்டவளை எட்டாம் நம்பரில் போய்க் குடியிரு என்றால்?

அதே நேரம் பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே தன் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "நாலு வேணாங்க, நாலு வேணவே வேணாம். நான் மறுபடியும் கப்பல் ஏறிடுவேன்." அவள் பர்மாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"நாலுக்கு என்னம்மா குறை? எனக்கு எட்டு வந்திருக்கு" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டா? எட்டு வந்ததுக்கா அழறீங்க? ரங்கூன்ல சீனாக்காரங்க எட்டாம் நம்பர் கடைக்கு அடிச்சுக்குவாங்க அக்கா!"

முனுசாமி இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா பேஜாரா கீது உங்களோட! நெலத்துலயா நம்பர் கீது? நான் சுண்ணாம்புல எழுதி வச்சேன். ஒரு மழை பேஞ்சா பூடும்."

மழை பெய்வதற்குள் மாற்றிக்கொண்டோம். நாலு எங்களுக்கு, எட்டு அவர்களுக்கு. இரண்டு மனைக்கும் பின்பக்கம் ஒரே வேலிதான். எங்கள் புத்தகத்தில் நாலு ராகு, அவ்வளவு விசேஷமில்லை. ஆனால் வெள்ளைக்காரர்கள் நாலை அஸ்திவாரம், நாலு சுவர், நிலையாக நிற்பது என்றெல்லாம் எழுதியிருப்பதாகப் படித்திருந்தேன். வீடு கட்டுவதற்கு அது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

கிணறு வெட்டியபோதுதான் வேடிக்கை. எங்கள் நாலில் கல்கண்டு மாதிரி தண்ணீர். அவர்கள் எட்டில் பாறை. அதையும் உடைத்து இறங்கினால் வாயில் வைக்க முடியாத உப்பு. அவள் கணவர் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர், நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது. "ரங்கூன்ல உன்னை வளர்த்த சீனாக்காரி எட்டைக் குடுத்தா, தண்ணியைக் குடுக்கலையே" என்று தெருவே கேட்கச் சொல்வார். சரோஜா விடமாட்டாள். "பணம் வரும்னுதான் சொன்னா. தண்ணி வரும்னா சொன்னா? பணம் வந்ததும் தண்ணி வாங்கிக்கோங்க."

அதனால் தினமும் அவள் குடத்தோடு எங்கள் கிணற்றடிக்கு வருவாள். வேலியில் அவளுக்காகவே ஒரு படல் வைத்தோம். ஆனால் சமையலறைப் படிக்கு அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டாள். காபியைப் படியில் வைப்பேன், வெளியே நின்று குடிப்பாள். கொலுவுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்க நான் வெளியே போவேன். "கிணறு மண்ணோடது அக்கா, அதுக்கு நம்பர் கிடையாது. வீட்டுக்குத்தான் நம்பர்" என்பது அவள் சட்டம்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ரூத் டீச்சர் இதைப் பார்த்துவிட்டார். ஒரு நாள் நேராக வந்து, முகம் சிவக்க என்னைக் கேட்டார். "ஏன் சிஸ்டர், நெத்தி நிறைய விபூதி பூசிக்கறீங்க, பிரதோஷம் தவறாம கோயிலுக்குப் போறீங்க. ஒரு மனுஷிய வீட்டுக்குள்ள விடாம வெளியில நிக்க வச்சு காபி குடுக்கறீங்களே, இந்தக் காலத்துலயுமா?"

கிணற்றடியில் இருந்த சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சர், அவங்க தினம் கூப்பிடறாங்க. நான்தான் போகமாட்டேன். இந்த வீட்டு நம்பரைப் பாருங்க."

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர், "நம்பர்ல என்னம்மா இருக்கு? கர்த்தர் எல்லா நாளையும்தானே படைச்சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தணித்துக்கொண்டு, "பதிமூணு மட்டும் கொஞ்சம் பார்ப்போம். எங்க வீட்டு மேஜையில பதிமூணு பேரா உட்கார மாட்டோம்" என்றார். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்ததில் தண்ணீர் இறைக்க மறந்துபோனோம்.

அதற்கப்புறம் கிணற்றடியில் எங்களுக்கு அதுவே பேச்சு. நான் என் புத்தகத்தைச் சொல்வேன், அவள் ரங்கூனைச் சொல்வாள். வெள்ளைக்காரர்களுக்கு ஏழு அதிர்ஷ்டம். சீனாக்காரர்களுக்கு ஏழாம் மாதம் செத்தவர்கள் உலாவ வருகிற மாதம். எங்கள் புத்தகத்தில் ஒன்பது செவ்வாய், சண்டைக்காரன். அங்கே ஒன்பது நீண்ட ஆயுள். நாம் கல்யாணத்துக்கு மொய் வைத்தால் ஒற்றைப்படையாக ஒரு ரூபாய் சேர்த்து வைப்போம். அங்கே நல்லது எல்லாம் ஜோடியாக வரவேண்டுமாம். அந்த ஒரு ரூபாய் அவளுக்கு உறுத்தும். "எண்ணு ஒண்ணுதான் அக்கா. ஊருக்கு ஊர் வேற சட்டை போட்டுக்குது" என்பாள்.

கணக்கு எழுதுகிறவளுக்கு இது பெரிய சங்கடம். இரண்டு பேர் கணக்கும் சரியாக இருக்க முடியாதே. எது சரி என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "பயமும் பாஷை மாதிரிதான் அக்கா. எங்க வளர்ந்தோமோ அதுதான் வாயில வரும்" என்றாள்.

அவளுக்கு அந்தப் பயம் வந்த கதையையும் அன்றுதான் சொன்னாள். ரங்கூனில் அவள் அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம். அந்த அம்மா இவளைத் தன் பெண்ணாகவே வளர்த்தாளாம். இவர்கள் நாலாம் நம்பர் வீட்டுக்குக் குடிபோனபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு தடுத்தாளாம். அவர்கள் பாஷையில் நாலு என்றாலும் சாவு என்றாலும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. அப்பா கேட்கவில்லை. அந்த வருஷமே சரோஜாவின் அம்மா இறந்துபோனாள். "அதுக்கு நாலுதான் காரணமான்னு தெரியாது அக்கா. ஆனா எங்கம்மா அந்த வீட்டுக்குள்ள போனா, வெளியில வரலை." அதற்கப்புறம் நான் அவளை உள்ளே கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் இரண்டு வீட்டுக்கும் ரூத் டீச்சருக்கும் மட்டும் தெரிந்தது.

ஒரு ஐப்பசி மழையில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. குழந்தைகளுக்கு ஒட்டிவிடக்கூடாதென்று தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ரயில்வேக்காரரான என் கணவர் விழுப்புரம் பக்கம் டியூட்டியில். லைனில் தண்ணீர் ஏறிவிட்டதால் அவரால் திரும்பி வர முடியவில்லை. காலையில் எப்படியாவது விளக்கேற்றிவிட வேண்டுமென்று எழுந்தவள், பூஜை மாடத்துக்கு முன்னால் அப்படியே சரிந்துவிட்டேன். நினைவு இருந்தது, குரல் வரவில்லை. திறந்திருந்த பின்கதவு வழியாகக் கிணற்றடி தெரிந்தது. சரோஜா வந்தாள். "அக்கா" என்றாள். மறுபடியும் "அக்கா". குடத்தை வைத்துவிட்டுப் படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

டீச்சரைக் கூப்பிட ஓடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் படியிலேயே நின்றாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். குழந்தை இருட்டறையைப் பார்க்கிற மாதிரி என் சமையலறையைப் பார்த்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

வந்தவள் என் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக டீச்சரைக் கத்திக் கூப்பிட்டு, டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். காய்ச்சல் இறங்கும் வரை நாலாம் நம்பர் வீட்டை விட்டு நகரவில்லை. அங்கேயே கஞ்சி வைத்தாள், அங்கேயே படுத்தாள். என் சுவாமி விளக்கையும் அவளே ஏற்றினாள். அவள் கணவர் வந்து வாசலில் நின்று, "ஏய், உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டதற்கு, "பயமாத்தான் இருக்கு, சத்தம் போடாதீங்க" என்றாள்.

தேறி உட்கார்ந்த பிறகு நானும் அதையே கேட்டேன். "எப்படி உள்ளே வந்தே?"

"சாவு உள்ள வந்தா, ரெண்டு பேர்ல யாரைப் பிடிக்கறதுன்னு கொஞ்ச நேரம் குழம்புமில்ல அக்கா? அதுக்குள்ள டாக்டர் வந்துடுவார்னு பார்த்தேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் அந்தப் படியில் அவள் முகத்தைப் பார்த்தவள். செத்துப்போவோம் என்று நிஜமாக நம்பிக்கொண்டேதான் உள்ளே வந்தாள்.

அதோடு அவள் பயம் விட்டுப்போயிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். மறு வாரம் குடத்தோடு வந்தவளை, "வா, உள்ளே உட்கார்ந்து காபி குடி" என்றேன். படிக்கு வெளியிலேயே நின்று கையை நீட்டினாள். "நீங்கதான் பிழைச்சுட்டீங்களே. இனிமே எதுக்கு அக்கா உள்ள வரணும்?"

நானும் பெரிதாக மாறிவிடவில்லை. புத்தகங்களைத் தூக்கி எறியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு வந்தால் இன்றும் கூட்டிச் சொல்கிறேன். ஆனால் அந்த வருஷத்திலிருந்து என் கணக்கு நோட்டில் எட்டாம் பக்கம் உண்டு. அதை முதலில் சரோஜாவிடம்தான் காட்டினேன். "பணம் கொட்டும் பாருங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் பால் கணக்குதான் இருந்தது.

ஊரப்பாக்கத்தில் அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் தேதியையும் மாதத்தையும் வருஷத்தையும் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் எண்ணெல்லாம் பார்ப்பீங்களாமே, எத்தனை வருதுன்னு சொல்லுங்க" என்றார். நாலு வந்தால் அவள் பயந்தது பலித்தது என்பார்கள். எட்டு வந்தால் நான் பயந்தது. சுற்றியிருந்தவர்கள் என் வாயையே பார்த்தார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவள் எனக்கு விட்டுப்போனவற்றில் கையில் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. பின்பக்கத்துப் படலை இன்னும் கட்டி அடைக்கவில்லை. காபி கலக்கும்போது ஒரு டம்ளர் கூடுதலாக வைத்துவிடுகிறேன். அவள் போன அன்றைக்குத் தேதியைப் போட்டு, செலவு எழுதி, நோட்டை மூடினேன். வாழ்க்கையில் நான் கூட்டிப் பார்க்காமல் வைத்திருக்கிற தேதி அது ஒன்றுதான்.