தாழியின் மேல் உட்கார்ந்த பிக்ரியா

எங்கள் அலசானிப் பள்ளத்தாக்கில் விருந்தாளியிடம் ஒயின் இல்லை என்று சொல்வதைவிட, வீடு எரிந்துவிட்டது என்று சொல்வது மரியாதை. எரிந்த வீட்டு வாசலிலும் கோப்பையை நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்பாவிட்டால் போங்கள்.

அமிரானின் மகள் பிக்ரியா தலைநகர் திபிலிசியில் கணக்குப் படித்து, வங்கியில் வேலையும் பார்த்துவிட்டு, ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். சொந்தமாக ஒயின் செய்யப் போகிறாளாம். அதுவும் கடை ஈஸ்ட் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், கெடாமலிருக்கப் போடும் பொடி இல்லாமல்.

"பொடி போடலன்னா அது ஒயின் இல்லம்மா, சூதாட்டம்," என்றார் அமிரான். கடைசியில் ஒரே ஒரு தாழி கொடுத்தார். நன்றாக வந்தால் திராட்சைத் தோட்டம் அவள் கையில். புளித்துப் போனால் திராட்சையெல்லாம் ஒயின் ஆலைக்கு, அவள் வங்கிக்கு.

எங்கள் தாழிகள் ஆளே இறங்கும் அளவு பெரியவை, கழுத்துவரை நிலத்தில் புதைந்தவை. அவளே உள்ளே இறங்கித் தேய்த்தாள். உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் மூச்சு முட்டுகிறது என்று மேலே இருப்பவர்கள் தூக்கிவிடுவார்கள். பிக்ரியாவின் பாட்டைக் கேட்டு ஆற்றைத் தாண்டி ஓடிய எங்கள் தெரு நாய்களில் பாதி இன்னும் திரும்பவில்லை. திராட்சையைக் கொட்டினாள். அது பொங்கி அடங்கும்வரை கழியால் தோலை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கல்மூடி வைத்து, ஈரக் களிமண் பூசி, மேலே மண்ணைக் குவித்தாள். வசந்தம்வரை திறக்கக் கூடாது. காற்று புகுந்தால் காப்பாற்றப் பொடியும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை, பனியில் லாரி சிக்கிக்கொண்ட ஓட்டுநர் ஜும்பேரை அமிரான் வீட்டுக்கு அழைத்து வந்தார். முதலில் மீசை நுழைந்தது. கொஞ்சம் பொறுத்து ஆள் நுழைந்தார். சிக்கல் என்னவென்றால், அமிரானின் சொந்தத் தாழி புளித்துப் போயிருந்தது. பொடி போட்ட தாழிதான். மூடியைச் சரியாகப் பூசவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு பத்ரியிடம் ஒயின் கேட்டாலோ, விடிவதற்குள் பள்ளத்தாக்கே சிரிக்கும்.

அமிரான் மண்வெட்டியோடு தாழி அறைக்குள் போனார். பிக்ரியா பின்னாலேயே ஓடினாள்.

"அப்பா, வேணாம்பா!"

"ஒரு குடந்தான். எடுத்துட்டு மூடிரலாம்."

"எடுத்த இடத்துல காத்து நிக்கும். மொத்தமும் போயிரும்."

"விருந்தாளி உள்ள உக்காந்திருக்கான். எம் மானம் போகுது, நீ காத்தைப் பத்திப் பேசுற!"

மண்வெட்டி இறங்கியது. மண்ணுக்கு அடியில் களிமண் பூச்சு விரிசல் விடும் சத்தம் கேட்டது. அடுத்த வெட்டு விழுவதற்குள் பிக்ரியா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஓங்கிய மண்வெட்டி அவள் தலைக்கு மேலே நின்றது.

"எந்திரி."

"மாட்டேன்."

"என்னண்ணே, புதையலா?" வாசற்படியில் ஜும்பேர்.

அமிரான் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிக்ரியாதான் பேசினாள். "எங்க வீட்ல குடிக்கிற மாதிரி ஒயின் இல்லைங்க. அப்பாவோடது புளிச்சுப் போச்சு. இது இன்னும் ஆகல."

விருந்தாளி முன்னால் எந்த மகளும் சொல்லாத சொல். அமிரானின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஜும்பேர் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தப் புளிச்சதையே கொண்டாங்க."

"ஐயையோ, அதைப் போய்..."

"விருந்தாளி கேக்குறேன். இல்லைன்னு சொல்லிருவீங்களா?"

சொல்ல முடியாது. மாட்டுக் கொம்புக் கோப்பை நிரம்பியது. அடி கூராக இருப்பதால், காலியாகும்வரை அதைக் கீழே வைக்கவும் முடியாது. "திறக்காத தாழிக்கு!" என்று சொல்லிக் குடித்தார் ஜும்பேர். தொங்கிய மீசை கடிகார முள்போல மேலே ஏறி நின்றது. அடுத்த கொம்பு அமிரானுக்கு. கண்ணில் நீர் வழிய, தன் ஒயினைத் தானே குடித்தார்.

அதற்குப் பிறகு மகளோடு அவர் பேசவில்லை. பிக்ரியா விரிசலைப் பூசி, தினமும் ஈரம் தடவினாள். ஒரு நாள் புளிப்பு வாடை வந்ததுபோல் இருக்கும். அன்று சோறு இறங்காது. மறுநாள் இருக்காது, அன்றும் இறங்காது.

ஏப்ரலில் களிமண்ணைப் பெயர்த்தாள். அமிரான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கல்லை நகர்த்தி அகப்பையை விட்டாள். வழிய வழிய முகந்தாள். தான் குடிக்காமல் அப்பாவிடம் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

"சொல்லிருங்கப்பா. வங்கிக்கே போயிரவா?"

அகப்பையை அவள் கையில் திணித்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினார். மிச்சமிருந்ததை அவள் நாக்கில் விட்டாள். புளிக்கவில்லை. ஆப்ரிகாட் பழமும் தேனும் கலந்தாற்போல், ருசி தொண்டைவரை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்து, தெலாவி நகரத்துக்குப் போகும் பஸ்ஸை மறித்துக்கொண்டிருக்கிறார் அப்பா.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! எம் பொண்ணு ஒயின் செஞ்சிருக்கா!"

"நேரமாச்சு பெரியவரே, வழிய விடுங்க!" என்றார் பஸ் ஓட்டுநர்.

"விருந்தாளியா வராம ஒருத்தரும் இந்தத் தெருவத் தாண்ட முடியாது!"

பஸ் மறுநாள்தான் தெலாவி போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு.