வாஸ்து மீனுக்கு ஒரு தடுப்பு

வீட்டில் நல்லது நடக்கட்டும் என்று நாத்தனார் வாங்கித் தந்த வாஸ்து மீன், தொட்டியிலிருந்த ஏஞ்சல் மீன்களில் இரண்டைக் கொன்றுவிட்டது. மிஞ்சிய ஒன்றுக்குப் பாதி வால்தான் இருக்கிறது.

இன்று காலை தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்தேன். மதியம் திருச்செங்கோட்டிலிருந்து நாத்தனார் வந்தார்.

“ஏனுங்க அண்ணி, வாஸ்து மீனைப் போயி அடைச்சு வெச்சிருக்கீங்க?”

“ரெண்டு மீனைக் கொன்னுருச்சுங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க. உங்க ஊட்டுக்கு வந்த கண்டத்தை அதுக வாங்கிட்டுப் போயிருக்குதுங்க.”

கண்டம் வந்ததே இந்த மீனின் உருவத்தில்தான் என்று நான் சொல்லவில்லை. இது சிக்லிட் என்ற இனம், அந்த இனத்துப் பெரிய மீன்கள் தம் இடத்தில் இன்னொன்றைப் பொறுக்காது என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்த மீனிடம் அவர் குனிந்தார். “பாவம் சாமி, தனியா கெடக்குது. தடுப்பை எடுத்துருங்க அண்ணி.”

“அப்ப நீங்களே கொண்டு போயிருங்க. நல்லது உங்க ஊட்டுல நடக்கட்டும்.”

“ஐயோ, வேண்டாமுங்க! எங்கூட்டுத் தொட்டியில கப்பி மீனு பொடிசு பொடிசா குட்டி போட்டிருக்குது.”

தடுப்பு அப்படியே இருக்கிறது. அதிர்ஷ்டம் தேவைப்படுகிற, சிறிய மீன் வளர்க்காத வீடு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.