எறும்புத் தையல்

மெத்தைக்காரர் என்றால் அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் ஊருக்குள் ஓடுகிற வாடகைக் காரில் பாதி அவர் தைத்த சீட்டோடுதான் ஓடுகிறது. பட்டம் வாங்கினவனெல்லாம் தன் கைவேலைமேல்தான் உட்கார்ந்து போகிறான் என்று அவரே சொல்லிக்கொள்வார். சொன்னால் என்ன, உண்மைதானே!

அப்பேர்ப்பட்டவர் காருக்குள் வைக்கிற குழந்தைச் சீட்டு ஒன்றை விலைக்கு வாங்கக் கடை ஏற வேண்டியதாயிற்று. காரணம் பேத்தி. வயது நாலு, பார்க்கிறவர்கள் ஆறு என்பார்கள். அவர் கூப்பிடுவது ‘நெட்டச்சி’. அம்மாவின் வளர்த்தி அப்படியே. அந்த அம்மா, மெத்தைக்காரரின் ஒரே மகள், போன மழைக்காலத்தில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி நடந்து வரவில்லை. மருமகன் விடியும் முன்னே வேலைக்கு ஓடுகிறவர். குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது தாத்தாவின் கார் என்றாகிவிட்டது.

மகள் வாங்கிய பழைய சீட்டில், தோள்வார் வெளியே வருகிற மேல் துளையையும் தாண்டிப் பிள்ளையின் தோள் வளர்ந்துவிட்டது. ஆனாலும் நெட்டச்சி அதை விட மறுத்தாள். கழுத்தில் உறுத்தாமலிருக்க அம்மா ஒரு பஞ்சுப் பட்டையை அந்த வாரைச் சுற்றித் தைத்திருந்தாள். தைத்த அன்றே மெத்தைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

“என்னம்மா தையல் இது? தண்ணி போட்ட எறும்பு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு. என் பொண்ணுன்னு வெளியில சொல்லிடாத.”

“உங்க பேத்தி கழுத்துக்கு உறுத்தாம இருந்தா போதும்ப்பா. கண்காட்சிக்கா வைக்கப் போறேன்?”

கடையில் அவர் நேராக முதுகில்லாத ஒரு தட்டை மெத்தையைக் கையிலெடுத்தார். “இது போதும்மா. ஆளைப் பாருங்க, கொடிக்கம்பம்! இதுல உக்காத்தி கார் பெல்ட்டைப் போட்டா முடிஞ்சுது.”

விற்கிற பெண் நெட்டச்சியைப் பார்த்தாள். “உயரம் இருக்கு ஐயா. வயசு நாலுதானே? தூங்கினா பக்கத்துல சரிஞ்சிடும். அப்போ பெல்ட் தோள்ல இருக்காது, கழுத்துல ஏறிடும். முதுகு உயரமா, சொந்த வாரோட வர்றதா எடுங்க.”

“நான் தைக்காத சீட்டாம்மா?”

“நீங்க தைக்கிறது சுகமா உக்கார. இது வண்டி மோதினா புள்ளையக் காப்பாத்த.”

அவள் ஒரு சீட்டில் நெட்டச்சியை உட்கார்த்தினாள். வார் தோளுக்கு மேலிருந்து வந்தது. கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிந்தது. மெத்தைக்காரர் கட்டைவிரலால் எங்கெங்கோ அழுத்திப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

“அம்மா பட்டை?” என்றாள் நெட்டச்சி.

“புது வார்ல எதையும் சுத்தக் கூடாது கண்ணு, இறுக்கம் சரியா வராது. கையில வச்சுக்கோ.” பிறகு அவரிடம், “பழைய சீட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க ஐயா. வேற யாரும் எடுத்துப் பயன்படுத்தாம வாரை வெட்டிட்டுத் தூக்கிப் போடுங்க” என்றாள்.

வழியெல்லாம் பிள்ளை ஒரே பாட்டுப் பாடியது. “அம்மா பட்டையை அப்படியே எடுத்துக் குடு தாத்தா.”

“தாத்தா கையில குடுத்துட்டல்ல? தங்கமா வரும் பாரு.”

பட்டறையில் கத்திரி பக்கத்திலேயே கிடந்தது. வாரை மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, பட்டை முழுசாகக் கையில் வந்திருக்கும். ஆனால் பிரிக்க முடிகிற இடத்தில் கத்திரி வைப்பவனைத் தொழிலாளி என்றே அவர் ஒப்பமாட்டார். ஊசிமுனையால் தையலைப் பிரித்தார். பிரித்ததும் உள்ளே பஞ்சு கட்டி கட்டியாக இருந்தது. கை சும்மா இருக்குமா? புதுப் பஞ்சு வைத்தார். பிசிறான ஓரத்தை நறுக்கினார். நூல் பிடித்தாற்போல் ஒரே நேராகத் தைத்து முடித்தார். நறுக்கியதும் பிரித்த நூலும் கழிவுத்துணியோடு குப்பை வண்டியில் போயிற்று.

மறுநாள் காலை புதுச் சீட்டில் உட்கார்த்தி, வாரை இறுக்கி, பட்டையைக் கையில் கொடுத்தார். நெட்டச்சியின் விரல் ஓரத்தில் ஓடியது. திரும்ப ஓடியது.

“எறும்பு எங்க தாத்தா?”

“எந்த எறும்பு?”

“அம்மா எறும்பு. தாத்தாதான் பேர் வச்சாருன்னு அம்மா சொன்னா. தூங்கறப்போ அது எங்க போகுதுன்னு தொட்டுப் பார்ப்பேன்.”

பிள்ளை அழவில்லை. பட்டையை நீட்டினாள்.

“இது வேணாம். இது கடையில வாங்கினது.”

பள்ளியில் விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கோணலாகத் தைத்துப் பார்த்தார். நேராக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தைத்தார். அதுவும் நேராகவே வந்தது. இடக்கையால் தைத்தபோது கோணியது, ஆனால் அது அவள் கோணல் இல்லை. பிரித்தார், மறுபடி தைத்தார். ஊரே மெச்சிய கை. எவ்வளவு கெஞ்சியும் அதற்கு அந்த எறும்பின் வழி தெரியவில்லை.