இரண்டு துறை, ஒரு நேர்காணல்

கீழ்வேளூர் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. என் மகள் இலக்கியா, நீரியலையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் ஐந்தாண்டுப் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் வீடே துள்ளியது. அந்த உற்சாகத்தில் இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

சட்டப் படிப்புதானே என்று பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை வாசலில் போய் உட்கார்ந்தோம். நேரம் நெருங்கியும் வேறு யாரும் வரவில்லை. சந்தேகம் தட்டி, அந்த வழியே வந்த மாணவியிடம் கேட்டேன்.

"அது ரெண்டு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்து நடத்துற கோர்ஸ்ம்மா. இன்டர்வியூ நீரியல் துறையில நடக்குது. அது அந்தக் கோடியில இருக்கு" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணே இலக்கியாவைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். நான் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது இலக்கியா உள்ளே இருந்தாள். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"என் பேரைக் கூப்பிடும்போது சரியாப் போயிட்டேம்மா. எதுக்கு ரெண்டும் சேர்த்துப் படிக்கணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஊர் கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியாத்தான் வரும். ஏன் வந்து சேரலைன்னு கண்டுபிடிக்கவும் தெரியணும், எங்க பங்கைக் கேட்டு வாங்கவும் தெரியணும்னு சொன்னேன்."

இடம் கிடைத்துவிட்டது.

இப்போது எங்கள் தெருவில் யார் நேர்காணலுக்குக் கிளம்பினாலும், எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்று முதல் நாளே போனில் விசாரித்துச் சொல்கிறேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் இசையும் கணினியும் சேர்ந்த படிப்புக்குப் போகிறாள். துணைக்கு நான்தான் போகிறேன்.