பேருந்தில் கேட்ட கேள்வி

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். நாள் முழுக்கத் தகடுகளை அடித்து வளைக்கும் இடம். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போட்டார்கள். மேலாளர் ஏதோ பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவர் என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காது அதற்கு ஏழெட்டு வருடம் முன்பே போக ஆரம்பித்திருந்தது.

காது மெஷின் ஒன்றும் போட்டுப் பார்த்தேன். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு தெருவை ஒட்டியது. ஆட்டோ ஹாரனையும் குக்கர் விசிலையும் மனைவியின் குரலையும் அது ஒரே அளவில் உயர்த்திக் காட்டியது. தலைவலிதான் மிச்சம். கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

காது கேட்காததை மறைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். அவர் சிரித்தால் சிரிப்பேன். புருவம் உயர்ந்து, கேள்வி கேட்பது போலத் தெரிந்தால், "பார்க்கலாம்" என்பேன். பெரும்பாலான கேள்விகளுக்கு அந்தப் பதில் பொருந்தும். வீட்டிலும் அப்படித்தான் ஓடியது. என் மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவள், சத்தமாகப் பேசிப் பழகியவள். அதனால் அவள் சொல்வதில் பாதி எனக்குப் புரிந்தது. மீதிப் பாதியை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் பிரேசர் டவுனில் ஒரு சர்ச் ஹாலில், வயதானவர்களுக்குச் செல்போன் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடந்தது. மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பாடம் எடுத்தவரும் எங்கள் வயதுதான், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. நான் திரையை அழுத்திய அழுத்தலைப் பார்த்து, என் கைமேல் கை வைத்துத் தடுத்தார். "சார், இது மெஷின் பட்டன் இல்ல. சும்மா தொட்டா போதும்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

மூன்றாவது வகுப்பில், எதிரில் ஒருவர் பேசுவதை எழுத்தாக மாற்றித் திரையில் ஓடவிடும் வசதியை எனக்குக் காட்டினார். மனைவியைப் பேசச் சொன்னார். அவள் போனைப் பார்த்து, "என்ன பேசறதுன்னு தெரியலையே" என்றாள். அவள் சொன்னது அப்படியே திரையில் வந்தது. நான் அதை இரண்டு முறை படித்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சிக்கல். நாங்கள் வீட்டில் வேகமாகப் பேசும் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. "ரசம் ஆறுது" என்று அவள் சொன்னால் "ரகசியம் ஆறுது" என்று எழுதியது. கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, "சொல்ப உப்பு போடட்டுமா" என்று கேட்டால் "சொப்பன உப்பு" என்றது. அவள் சிரித்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொல்வாள். பத்துப் பதினைந்து நாளில், வகுப்பில் டிக்டேஷன் போடுவது போல நிறுத்தி நிதானமாகப் பேசப் பழகிவிட்டாள். நானும் எந்தத் தவறு எதிலிருந்து வந்தது என்று ஊகிக்கப் பழகினேன்.

ஒருநாள் முற்பகலில் குளித்துவிட்டு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் போன் அணைக்கப்படாமல் கிடந்தது. பக்கத்திலேயே வாசல். மாடிவீட்டு அம்மாவோடு மனைவி அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு தெரிந்தது. திரையில் எழுத்து ஓடியது.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லலாம் இல்ல. பார்க்கலாம்னு சொல்லுவாரு. எங்கக்காவ நம்ம வீட்டோட வச்சுக்கலாமான்னு கேட்டேன், அப்பவும் அதான் சொன்னாரு. விருப்பம் இல்லன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல எப்படி கேக்கறது?"

அவளுடைய அக்கா கோலார் தங்கவயலில் இருந்தவர். பிள்ளைகள் இல்லை. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன் கணவர் இறந்ததும், அந்தப் பக்கமே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்துவிட்டார். தங்கையிடம் வராமல் ஏன் அங்கே போனார் என்று நான் அப்போது யோசித்தது உண்டு. அக்கா தங்கைக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று முடிவு செய்து, அதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதே மரியாதை என்று இருந்துவிட்டேன்.

மாடிவீட்டு அம்மா போகும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன். "அக்காவப் பத்தி எங்கிட்ட எப்ப கேட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஒட்டுக்கேட்டீங்களா?" என்றாள். அது எழுத்தாக வந்தது. யாரும் என்னை அப்படிக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"எப்ப கேட்ட, சொல்லு."

"மாமா காரியம் முடிஞ்சு வர்றப்ப. பஸ்ல."

அந்தப் பயணம் நினைவிருக்கிறது. பழைய பஸ், கடைசிக்கு முந்தின சீட், என்ஜின் இரைச்சல். அவள் அழுது முடித்து ஏதோ நீளமாகப் பேசினாள். இறந்தவரைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. என்ன சொல்லியிருப்பேன் என்பது தெரியும்.

"எனக்கு அன்னைக்கு ஒரு வார்த்தைகூட கேக்கல" என்றேன். பிறகு, அன்றைக்கு மட்டுமில்லை, பல வருடமாக இப்படித்தான் என்பதையும் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்தது: "நாலு வருஷம் உங்கமேல கோவமா இருந்தேனே."

அடுத்த சனிக்கிழமை இருவரும் முதியோர் இல்லத்துக்குப் போனோம். அக்கா தோட்டத்தில் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நிழலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் போனை அவருக்கும் எனக்கும் நடுவில் வைத்து, நடந்ததைச் சொல்லி, எங்களோடு வந்துவிடும்படி கேட்டேன்.

அவர் போனை நோக்கிக் குனிந்து பேசினார். "இங்க பழகிடுச்சு தம்பி. காலைல ஜெபம், அப்புறம் இந்தத் தோட்டம். பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவங்களுக்குக் கண்ணு தெரியாது, நாந்தான் பேப்பர் படிச்சுச் சொல்றேன். அப்ப கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

போன் எந்தப் பிழையும் இல்லாமல் எழுதியிருந்தது. நான் அதைப் படித்து முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். பிறகு என் முழங்கையைத் தட்டிவிட்டு, தங்கையின் பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். திரையில் வார்த்தைகள் ஒன்றோடொன்று கலந்து அர்த்தமில்லாமல் ஓடின. நான் போனை அணைத்துவிட்டுப் போய் மீதிப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் காலையில் தானே பையைக் கட்டி வைத்துவிட்டார். நாங்கள் கொண்டுபோய் விட்டுவந்தோம். மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி, சின்ன வயதில் அவளும் அக்காவும் ஒரே போர்வைக்குச் சண்டை போட்ட கதையைத் தொடங்கினாள். அது நீளமான கதை. பாதியில் சாப்பிட எழுந்தோம். மீதிக் கதைக்காகப் போனையும் கையோடு எடுத்துக்கொண்டேன்.