நான் குறைத்த சத்தம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில், பார்வையில்லாத என் மகளுக்குத் தட்டச்சு வேலைக்கான தேர்வு. திரையில் இருப்பதைக் கணினி அவளுக்கு உரக்கப் படித்துச் சொல்லும். அலுவலகமே திரும்பிப் பார்த்ததும், கூச்சத்தில் நான் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். பிழை திருத்திக்கொண்டிருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன.

“இன்னா நைனா, சத்தத்த கொறச்சிட்டியா? அது இல்லாம நான் எப்டி பாக்கறது?”

பதறிப்போய்க் கூட்டினேன். அவள் எழுத்துப்பிழை காட்டும் எஃப்-7 விசையை மறுபடி அழுத்தினாள். தவறான சொல்லைக் கணினி எழுத்தெழுத்தாக வாசிக்க, அம்புக்குறி விசையால் சரியானதைத் தேடி என்டர் தட்டினாள். மௌஸைத் தொடவேயில்லை.

“திங்கக்கெழம வந்துடும்மா,” என்றார் மேலாளர். “ஹெட்போன் வாங்கி வெக்கறேன்.”

“எங்க நைனாவ மட்டும் உள்ள வுடாதீங்க சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். இப்போதெல்லாம் வீட்டில் அந்தக் கணினிக் குரல் கேட்டால், டிவி சத்தத்தைத்தான் குறைக்கிறேன்.